மதிலைத் தாண்டிய மகிழம்

அம்சவேணி மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தாள். அதிலும் பாதி வருஷம். மீதியை ஆம்பூர் மண்ணில் படித்தேன் என்று அவள் சொல்லிக்கொள்வாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ரயில் பாதைக்கும் தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கும் நடுவே ஒருத்தரும் சீந்தாமல் கிடந்த மேட்டில் அவள் போட்ட தோட்டத்துக்கு ஊரே ‘சட்டித்தோட்டம்’ என்று பெயர் வைத்தது. தரையில் ஒரு செடி கிடையாது. எல்லாம் சட்டியில், பானையில், வாய் உடைந்த குடத்தில், மண்ணெண்ணெய் டின்னில். இன்றைக்கு ஆளாளுக்கு நர்சரி என்று போர்டு மாட்டிக்கொள்கிறார்கள். ஐம்பதாம் வருஷத்து ஆம்பூரில் அந்த வார்த்தை எத்தனை பேருக்குத் தெரியும்? சட்டித்தோட்டம் என்று சொல்லி ஏறி உட்கார்ந்தால் போதும். குதிரை வண்டிக்காரன் மறுபேச்சில்லாமல் கொண்டுபோய் இறக்குவான்.

தரையை விட்டுச் சட்டிக்கு ஏன் போனாள்? தோல் ஊறப்போட்ட உப்புத் தண்ணீர் வருஷக் கணக்காக ஓடி, அந்தப் பக்கத்து மண் ஊறுகாய் ஜாடி மாதிரி ஆகிவிட்டது. அதில் புல்லே யோசித்துத்தான் முளைக்கும். அம்சவேணி நாயக்கனேரி மலை அடிவாரத்திலிருந்து செம்மண்ணைக் கூடையில் சுமந்தாள். அவள் புருஷன் சுப்பராயன் தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டைக் குழியில் வேலை செய்தவன். உள்ளங்கை இரண்டும் பட்டைச்சாயம் ஏறிச் செங்கல் நிறத்தில் இருக்கும். வேலை முடிந்து வரும்போது, சாறு போன பட்டைச் சக்கையை ஒரு கோணி நிறையக் கொண்டுவருவான். மண்ணும் சக்கையும் ஆட்டெருவும் கலந்து அவள் பிசைகிற பக்குவம் வேறு ஒருத்தருக்கும் வராது. பிசைந்த மண்ணைக் கையில் பிடித்துத் திறப்பாள். உருண்டை நிற்கவும் வேண்டும், விரலால் தொட்டால் உதிரவும் வேண்டும்.

செடிகளும் அந்த மலையடிவாரத்துச் செடிகள்தான். நொச்சி, ஆடாதோடை, மருதாணி, பவழமல்லி. மரத்தில் புங்கன், பூவரசு, வேம்பு, இலுப்பை. ஒவ்வொரு மரக்கன்றின் அடியிலும் பொடுதலையைப் படரவிடுவாள். சட்டி மண்ணை வெயில் சுடாமல் அது மூடிக்கொள்ளும். “மரத்துக்குப் பாவாடை கட்டி விட்டிருக்கேன்” என்பாள்.

அந்தக் காலத்தில் பங்களா வைத்திருந்தவர்களுக்கெல்லாம் பெங்களூர் ரோஜா மேலும் குரோட்டன்ஸ் மேலும்தான் ஆசை. அதை ரயிலில் கொண்டுவந்து தள்ளுவண்டியில் விற்றவன் நந்தகோபால். தலையில் எண்ணெய் வழிய, சிவப்புத் துண்டோடு சட்டித்தோட்டத்து வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வேண்டுமென்றே வம்புக்கு இழுப்பான்.

“இன்னா அம்சவேணி, காட்டுல சும்மா கெடக்கிற நொச்சியைச் சட்டியிலே வெச்சா பூச்செடி ஆயிடுமா?”

“உன் ரோசா ரயிலேறி வந்துச்சு. ஆம்பூர் தண்ணியை ஒரு வாய் குடிச்சா மறுபடி ரயிலேறிப் போய்டும். என் நொச்சி இந்த ஊர்லயே பொறந்து இந்த ஊர்லயே சாவுற ஜாதி. அடுத்த கோடையிலே வா, பேசிக்கலாம்.”

அடுத்த கோடை வரைக்கும்கூட வேண்டியிருக்கவில்லை. அந்த வருஷச் சித்திரை வெயிலிலேயே, கிணற்றுத் தண்ணீர் கடுத்துப்போன நேரத்தில், பெரிய தெருவில் இருந்த ரோஜாவெல்லாம் கருவாடாகக் காய்ந்தது. அம்சவேணியின் செடிகள் முகத்தைச் சுளிக்காமல் நின்றன. அன்றிலிருந்து பெரிய தெரு அவள் தெரு.

பெரிய தெரு என்பது தோல் ஷாப்பு முதலாளிகளின் வீடுகள் இருந்த தெரு. உள்ளே பெரிய முற்றம், முற்றம் முழுக்கக் கடப்பைக் கல், சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேலே மதில். பெண்கள் கோஷா. வெளி ஆண்பிள்ளை கண்ணில் படமாட்டார்கள். அந்த வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. தென்னைமரம் ஏறுகிறவன் ஏறுவதற்கு முன்னால், “மரம் ஏறுறேன்! மரம் ஏறுறேன்!” என்று தெருவே அதிரக் கத்த வேண்டும். சுற்றுப்பட்ட முற்றங்களில் இருக்கிற பெண்களெல்லாம் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள். ஒரு தடவை ஒருத்தன் கத்தாமல் ஏறிவிட்டான். அவ்வளவுதான். அந்த வருஷத்தோடு தெருவில் மதிலைவிட உயரமாக இருந்த மரமெல்லாம் வெட்டு விழுந்தது. முற்றங்கள் மொட்டையாகி, கடப்பைக் கல் சூட்டில் பெண்கள் வெந்துகொண்டிருந்தார்கள்.

அங்கேதான் அம்சவேணியின் மூளை வேலை செய்தது. பெண்பிள்ளை என்பதால் அவளுக்கு உள்ளே போகத் தடையில்லை. நொச்சியும் மருதாணியும் கொண்டுபோய் வைத்தவள், அந்த வெயிலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நெழலுக்கு நான் மரமே தர்றேன். சட்டியிலே. மதில் ஒசரம் வந்ததும் எடுத்துக்கினு போய்ட்டு, சின்னது ஒண்ணு மாத்திக் குடுக்கிறேன். உங்க வீட்டு மரத்து மேலே எவனும் ஏற முடியாது, ஏறினா சட்டியோட கவுந்துடுவான்.”

பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். சிரித்த வாயோடு எல்லா வீட்டிலும் ஒப்புக்கொண்டார்கள்.

இப்படித்தான் ‘மாற்று மரம்’ என்ற ஏற்பாடு வந்தது. புங்கனோ பூவரசோ சட்டியில் வளர்ந்து, நுனி மதிலை எட்டிப் பார்க்கிற நேரம் வந்ததும் அம்சவேணி கட்டைவண்டியோடு வந்து நிற்பாள். வளர்த்த பெண்கள் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி மூக்கைச் சிந்துவார்கள். போகிற இடத்தில் வாய் இனிக்கட்டும் என்று வேரடியில் ஒரு சிட்டிகை சர்க்கரை தூவுவார்கள். வெளியே கொண்டுபோன மரங்களை அவள் வீணாக்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், பள்ளிக்கூட வாசலில், பள்ளிவாசலுக்குப் பின்னால், பேர்ணாம்பட்டு ரோட்டில் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து நட்டாள். நட்டுவிட்டு வந்து உள்ளே சேதியும் சொல்வாள்.

“உங்க புங்கன் ஸ்டேஷன் பக்கம் ஜோரா நிக்குது பேகம்மா. நேத்து அதும் கீழே ஒரு சோடாக்காரன் வண்டி போட்டுட்டான்.”

“ஆம்பளைங்க நிக்கிறாங்களா?”

“நிக்கிறதா? படுத்துத் தூங்குறானுங்க!”

அந்த ரோட்டைப் பெட்டி வண்டியின் திரை இடுக்கில்தான் அந்தப் பெண்கள் பார்த்திருப்பார்கள். ஆனால் ரோட்டு நிழல் அவர்கள் முற்றத்தில் வளர்ந்தது. அன்றைக்கு ஆம்பூரில் வெயிலுக்கு ஒதுங்கியவன் எவனுக்கும் இது தெரியாது. அம்சவேணிக்குத் தெரியும். அந்த நினைப்பே அவளுக்குத் தலையில் கிரீடம் வைத்த மாதிரி.

இந்தக் கதை அந்த மரங்களில் ஒன்றைப் பற்றியது.

அன்வரி பேகம் வாணியம்பாடிப் பெண். பதினாறு பதினேழு வயசில் அப்துல் வஹீதைக் கட்டிக்கொண்டு பெரிய தெரு வீடு ஒன்றுக்கு இளைய மருமகளாக வந்தவள். அவள் கொண்டுவந்த துணிப்பெட்டியில் துணிக்கு நடுவே காய்ந்த மகிழம்பூ இருந்தது. தாய் வீட்டு முற்றத்தில் ஒரு மகிழமரம். அந்தப் பூவைப் போட்டுத்தான் அவள் அம்மா துணி அடுக்குவாள். மகிழம்பூ காய்ந்து சருகானாலும் வாசனையை விடாது. பூவோடு பூவாக நாலைந்து விதையும் பெட்டிக்குள் வந்திருந்தது. அதை அம்சவேணி கையில் கொடுத்து, “அம்சா, இது முளைக்குமா?” என்று கேட்டாள்.

“என் கையிலே குடுத்துட்டு முளைக்குமான்னு கேட்கிறீங்களே!”

ஒன்றுதான் முளைத்தது. அதைச் சின்னச் சட்டியிலிருந்து பானைக்கும், பானையிலிருந்து சால் என்கிற இடுப்பளவு மண் தாழிக்கும் மாற்றி மாற்றி, முற்றத்தில் பெண்கள் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுகிற இடத்துப் பக்கத்தில் வைத்தாள் அம்சவேணி. மகிழம் அவசரப்படாத மரம். அன்வரிக்கு முதல் பிள்ளை பிறந்தபோது அது முழங்கால் உயரம். பிள்ளை பள்ளிக்கூடம் போனபோது இடுப்பு உயரம். அதற்குள் வாணியம்பாடியில் அவள் அம்மா காலமாகி, அண்ணன்கள் பாகம் பிரித்து, வீட்டை இடித்துக் கட்டினார்கள். மரமும் போய்விட்டது. தாய் வீட்டு மிச்சம் என்று அன்வரிக்கு இருந்தது ஒரு சால் மண்ணில் நின்ற அந்த மரம் மட்டும்தான்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் அது மதிலை எட்டியது.

வீட்டுக்குப் பெரியவள் அன்வரியின் மாமியார். தெருவே அவளைப் பெரிய பேகம் என்றுதான் சொல்லும். கட்டளையில் தளர்வு கிடையாது. “எல்லா மரத்துக்கும் ஒரு சட்டம்னா இதுக்கும் அதே சட்டம்” என்று சொல்லிவிட்டாள். வண்டி வரச் சொல்லி ஆள் வந்தது. அம்சவேணி போனபோது, அன்வரி அந்தச் சாலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எங்கே கொண்டு போவே?”

“ஸ்டேஷன் பக்கம் எடம் இருக்குது பேகம்மா.”

“அங்கே பூத்தா எனக்கு எப்படித் தெரியும்? வேணாம் அம்சா. வாசனை எனக்கு வர்ற எடத்துல வை. அது மட்டும் செய்.”

வாசனை வருகிற இடம் என்றால் ஒரே ஒரு இடம்தான். மதிலுக்கு அந்தப் பக்கம், சந்து. அம்சவேணி அன்றைக்கே முன்கட்டில் போய் நின்றாள். பெரிய பேகத்தின் மூத்த மகன், அப்துல் வஹீதின் அண்ணன் இஷ்தியாக் அகமதுதான் வீட்டு ஆண்களில் மூத்தவர். மதராஸ் பெரியமேட்டுத் தோல் வியாபாரிகளையே பேச்சில் மடக்குகிறவர். சாய்வு நாற்காலியில் இருந்தபடி கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“உள்ளே இருந்தா எவனாவது ஏறுவான்னு வெளியே அனுப்புறோம். நீ மதிலை ஒட்டியே வைக்கிறேன்னு வர்றே. திருடனுக்கு ஏணி வாங்கிக் குடுக்கச் சொல்றியா?”

“சாயபு, ஒண்ணு கேக்கிறேன். மனுசன் மரம் எதுக்கு ஏறுறான்?”

“காய்க்கு ஏறுவான். பூவுக்கு ஏறுவான்.”

“மகிழம்பூவை ஏறிப் பறிச்சவனை இந்த வட ஆர்க்காடு ஜில்லாவிலே எங்கனாச்சும் பாத்திருக்கீங்களா? அது தானா கொட்டுற பூ. விடிகாலையிலே குனிஞ்சு பொறுக்கணும். பழமும் பழுத்தா தானா விழும். இந்த மரத்துக்குக் கீழே வர்றவன் கண்ணு தரையிலேதான் இருக்கும் சாயபு, மதில் மேலே போகாது.”

இஷ்தியாக் அகமது தாடியை உருவிக்கொண்டார்.

“நல்ல வேளை, நீ தோல் வியாபாரத்துக்கு வரலை. நாங்க எல்லாம் ஷாப்பை மூடிட்டுப் போயிருப்போம். சரி, வை. ஆனா கேட்டுக்கோ. எவனாவது ஏறினான்னு காதுல விழுந்தா அன்னிக்கே கோடாலி. பட்டுப்போச்சுன்னா அந்த எடத்துல வேற மரம் கிடையாது. சந்து சந்தாவே இருக்கட்டும்.”

“நான் வெச்சு எது பட்டுப்போச்சு?” என்றாள் அம்சவேணி. முன்கட்டில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

சுப்பராயன் கடப்பாரையோடு வந்து சந்தில் குழி வெட்டினான். பழைய மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு மலை மண் நிரப்பினார்கள். சாலைப் படுக்கப் போட்டுப் பின்பக்கத்தை உடைத்து, வேர்க்கட்டு சிதறாமல் மரத்தை உருவினார்கள். சாலின் வாயும் கழுத்தும் உடையாமல் அப்படியே வந்தது. பொல்லாத சட்டிக்காரி இல்லையா, அதைத் தூக்கிப் போட மனசு வராமல் மதிலோரம் சாய்த்து வைத்தாள். மதிலுக்கு மேலாக ஒரு வெள்ளைப் பொட்டலம் வந்து விழுந்தது. பிரித்தால் சர்க்கரை. மற்ற வீடுகளில் ஒரு சிட்டிகை தூவுவார்கள். இது ஒரு கை நிறைய இருந்தது.

முற்றத்தில் அந்த இடத்துக்குச் சின்னப் புங்கன் ஒன்றைச் சட்டியோடு வைத்துவிட்டு வந்தாள்.

முதல் வாரம் மகிழம் சும்மா நின்றது. அடுத்த வாரம் இலை நுனி கருகியது. அதற்கப்புறம் பச்சை இலையே உதிர ஆரம்பித்தது. அம்சவேணி காலையில் இரண்டு குடம் ஊற்றினாள். ஓலைத் தட்டியால் பந்தல் போட்டாள். ஆடு வராமல் முள் கட்டினாள். சக்கையைச் சலித்து வேரடியில் பரப்பினாள். அடியில் கட்டிவிட்ட பொடுதலைப் பாவாடைகூட மத்தியானத்துக்குள் சுருண்டு படுத்தது. காலையில் அது தலைதூக்குவதைப் பார்த்துவிட்டு, சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தினமும் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

“எப்படி இருக்கு அம்சா?”

“புது எடம் இல்லே? கொஞ்சம் பேஜார் பண்ணுது. நீங்க புகுந்த வீட்டுக்கு வந்தப்போ அழலையா?”

“நான் ரெண்டு நாள்தான் அழுதேன். இது நிறுத்தவே மாட்டேங்குதே. இலை விழற சத்தம் எனக்குக் கேக்குது.”

அம்சவேணிக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. சுப்பராயன் தட்டைப் பார்த்துவிட்டு, “உனக்கும் ஓலைத் தட்டி கட்டி விடட்டுமா?” என்றான். அவள் தட்டை நகர்த்திவிட்டுக் கை கழுவினாள். நந்தகோபால் சும்மா இருப்பானா? சந்து முனையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பழைய பேச்சைத் திருப்பிக் கொடுத்தான்.

“இன்னா அம்சவேணி, மகிழம் ரயிலேறிடுச்சா?”

“வாயைக் கழுவுடா!” என்று கத்தினாளே தவிர, குரலில் பழைய மிடுக்கு இல்லை. இத்தனை வருஷம் அவள் பெருமையடித்ததெல்லாம் இலையோடு இலையாக உதிர்கிற மாதிரி இருந்தது. தன் பெருமையாவது போகட்டும். மதிலுக்குள்ளே ஒருத்திக்குத் தாய் வீடு என்று சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். அது தன் கையில் போகிறதே என்பதுதான் அவளைத் தின்றது.

அந்த வாரத்திலேயே பெரிய பேகத்திடமிருந்து ஆள் வந்தது. மாற்று மரமாக வைத்த சின்னப் புங்கனும் சரியில்லையாம், வந்து பார்க்கச் சொல்கிறார்களாம். அம்சவேணி கைவேலையைப் போட்டுவிட்டு ஓடினாள். மகிழம் வெளியே, புங்கன் உள்ளே, இரண்டும் ஒரே நேரத்திலா?

போய்ப் பார்த்தாள். புங்கன் மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டியில் விரலை விட்டாள். சேறு. முகர்ந்தால் அழுகல் வாடை.

“யார் இவ்ளோ தண்ணி ஊத்துறது? இது இன்னா செடியா தவளையா?”

பெரிய பேகம் கட்டிலில் இருந்தபடியே சொன்னாள்: “யாரும் ஊத்தலை. வசூ தண்ணிதான் போகுது. அதை ஜலதாரையிலே விட்டா காலாலே மிதிபடும், பாவம். எப்பவும் அந்த எடத்து மரத்துக்குத்தான் போகும்.”

வசூ என்றால் தொழுகைக்கு முன்னால் கழுவுகிற தண்ணீர். வீட்டில் பெரியவர் சின்னவர் எல்லாப் பெண்களும், விடியலில், மத்தியானத்தில், சாயங்காலத்தில், விளக்கு வைக்கிற நேரத்தில், படுக்கப் போகுமுன் என்று ஐந்து வேளையும் அந்த இடத்தில் கழுவுவார்கள். அது உயரமான கல்மேடை, அதில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம். அது வழியாகத் தண்ணீர் மகிழத்தின் சாலுக்குப் போய்க்கொண்டிருந்தது, அத்தனை வருஷமாக.

அம்சவேணி சட்டியில் விட்ட விரலை எடுக்கவே இல்லை. அன்வரி அவள் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் பொறி தட்டியிருக்க வேண்டும்.

“அம்சா, வெளியே நீ எத்தனை வேளை ஊத்துறே?”

“ஒரு வேளை. காலையிலே. ரெண்டு குடம் மொத்தமா.”

“அஞ்சு வேளை குடிச்சு வளந்த பிள்ளைம்மா அது!”

“அடிப்பாவி!” என்று அம்சவேணி தன்னையே திட்டிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள். “மொத்தமா ஊத்தினா மண்ணுக்குள்ளே ஓடிப் போய்டுது. வேரு இன்னும் சால் அளவுக்குத்தான் இருக்குது, மத்தியானம் தாகம் எடுத்தா அதுக்கு யாரு குடுப்பா? பொடுதலை தெனம் சுருண்டு சுருண்டு சொல்லிச்சு. நான் காது குடுக்கலை.”

அங்கேயே எழுந்து நின்று பெரிய பேகத்திடம் கேட்டாள்: “மதில்லே அடியிலே ஒரு ஓட்டை போட்டுக்கட்டுமா?”

கோஷா வீட்டு மதிலில் ஓட்டை! பெரிய பேகத்தின் வெற்றிலை வாய் அப்படியே நின்றது.

“தண்ணி போற வழியிலே கண்ணு வராதா?”

“வராது. வராத மாதிரி வைக்கிறேன். வசூ தண்ணியைக் கால் மிதிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்றீங்க? மரத்து வேருக்குப் போனா எவன் காலும் படாது. உள்ளே இந்தப் புங்கனும் பொழைக்கும், வெளியே அதுவும் பொழைக்கும்.”

பெரிய பேகம் மருமகளைப் பார்த்தாள். மருமகள் வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பாள். சும்மா நின்ற அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, “இஷ்தியாக் பார்த்து சரின்னு சொன்னா சரி” என்றாள்.

ஓட்டை வெளியிலிருந்து போடப்பட்டது. சுப்பராயன் கடப்பாரையை மேல்நோக்கிச் சாய்த்துக் குத்தினான். அந்த ஓட்டையில் அம்சவேணி வைத்தது எதை என்கிறீர்கள்? மகிழத்தை உருவியபோது உடையாமல் வந்ததே, அந்தச் சாலின் கழுத்து. அதைச் சாய்வாகப் பதித்துச் சுண்ணாம்பு பூசினாள். வெளியிலிருந்து குனிந்து பார்த்தால் சாலின் வளைவும் இருட்டும்தான் தெரியும். உள்ளேயிருந்து ஊற்றினால் தண்ணீர் வளைந்து வந்து வேரடியில் விழும்.

சாயங்காலத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் இஷ்தியாக் அகமது சந்துக்கு வந்தார். பின்னால் ஊர் ஆண்கள் நாலைந்து பேர். அவர்களோடு நந்தகோபாலும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டான். மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடி மறு கண்ணைச் சாலின் வாயில் வைத்தார்.

“ஒண்ணும் தெரியலையே” என்றார்.

“இன்னும் நல்லா பாருங்க சாயபு, சந்தேகம் இருக்கக் கூடாது” என்றாள் அம்சவேணி.

இன்னும் கிட்டப் போனார். அந்த நேரம் பார்த்து உள்ளே பெரிய பேகம் வசூ செய்ய உட்கார்ந்திருக்கிறாள். கலகலவென்று தண்ணீர் வந்தது. நெற்றியில், கண்ணில், மூக்கில், தாடியில், ஒரு இடம் பாக்கியில்லை. இஷ்தியாக் அகமது தாடி சொட்டச் சொட்ட அப்படியே உட்கார்ந்திருந்தார். சாலுக்குள்ளிருந்து குகைக்குள் பேசுகிற மாதிரி குரல் வந்தது.

“யார் அங்கே? இஷ்தியாக்கா? உனக்கும் வசூ ஆயிடுச்சா?”

முதலில் வெடித்துச் சிரித்தவன் நந்தகோபால். அடுத்துச் சிரித்தவர் இஷ்தியாக் அகமதேதான். துண்டால் தாடியைத் துடைத்துக்கொண்டே எழுந்து, “போதும் அம்மா, தண்ணி வர்ற வழியிலே கண்ணு போகாதுன்னு தெரிஞ்சுபோச்சு” என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசல் பக்கம் நடந்தார்.

அதற்கப்புறம் ஐந்து வேளையும் தண்ணீர் வந்தது. நாலு முகம் கழுவின தண்ணீர், எட்டுக் கை கழுவின தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் எழுந்தது பொடுதலைதான். மத்தியானத்திலும் சுருளாமல் நின்றது. ஒருநாள் காலையில், எல்லா இலையும் போய்க் குச்சியாக நின்ற கிளை ஒன்றில் செம்பு நிறத்தில் ஒரு துளிர். அம்சவேணி சாலின் வாயில் வாயை வைத்துக் கத்தினாள்.

“பேகம்மா! கண்ணைத் தொறந்துடுச்சு!”

கொஞ்ச நேரம் கழித்து, தொழுகை நேரம் இல்லாத நேரத்தில், சாலிலிருந்து சர்க்கரை கரைத்த தண்ணீர் வந்தது.

அப்புறம் அந்தச் சாலின் வாய் தண்ணீர் போகிற வழி மட்டுமில்லை, பேச்சுப் போகிற வழியும் ஆனது. சந்து வழியாகப் போகும்போதெல்லாம் அம்சவேணி குனிந்து நாலு வார்த்தை பேசுவாள். எந்த மரம் எங்கே நிற்கிறது, சோடாக்காரன் எங்கே வண்டி மாற்றினான், பள்ளிக்கூடத்துப் பூவரசில் எவன் பம்பரக் கயிறு கட்டித் தொங்கவிட்டான், எல்லாம் உள்ளே போகும். உள்ளேயிருந்து நோன்புக் கஞ்சி வேண்டுமா என்று குரல் வெளியே வரும். நந்தகோபால்கூட ரோஜாவை விட்டுவிட்டு, சட்டித்தோட்டத்தில் பவழமல்லி வாங்கித் தன் வண்டியில் வைத்து விற்க ஆரம்பித்தான். “பெங்களூர் பவழமல்லி” என்று கூவி விற்றான் என்பது வேறு கதை. அம்சவேணி கேட்டுவிட்டு, “பொழைச்சுப் போகட்டும் போ” என்றாள்.

மகிழம் மதிலைத் தாண்டியது. அந்தத் தெருவில் வெட்டு விழாமல் மதிலைத் தாண்டிய மரம் அது ஒன்றுதான். ஒருத்தனும் அதில் ஏறவில்லை. கோடாலியைப் பற்றி இஷ்தியாக் அகமது ஒருநாளும் பேசவில்லை. சந்தில் வெயிலுக்கு ஒதுங்குகிற முதல் ஆள் அவராகத்தான் இருந்தார்.

அறுபத்து மூன்றோ நாலோ, ஒரு கோடைக் காலையில் அம்சவேணி தலையில் செடிக்கூடையோடு சந்துக்குள் நுழைந்தாள். பொடுதலைப் பாயின் மேல் வெள்ளையாக என்னவோ சிதறிக் கிடந்தது. கூடையை இறக்கினாள். குனிந்தாள். சக்கரம் மாதிரி சின்னச் சின்னப் பூ. கைநிறையப் பொறுக்கிக்கொண்டு சாலின் வாய்க்குப் போனாள்.

“பேகம்மா…”

“சொல்லாதே அம்சா” என்றது குரல். “விடியலுக்கு எழுந்ததும் வாசனை வந்துடுச்சு. மதிலுக்கு இந்தப் பக்கமும் கொட்டியிருக்கு. அத்தை மடியிலே நாலு வெச்சிக்கினு உக்காந்திருக்காங்க, எங்களுக்குத் தர மாட்டேங்கிறாங்க.”

அம்சவேணி சந்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வாங்க வேண்டியவர்கள் காத்திருப்பார்கள், கூடையில் செடி வாடும் என்ற நினைப்பே இல்லை. ஆம்பூர்க் காற்றில் எப்போதும் இருக்கிற பட்டை வாடையையும் சுண்ணாம்பு வாடையையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு அந்த வாசனை சந்து முழுக்க நின்றது.

அவளுக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே.

“பாத்தீங்களா என் கை ராசியை! ஆம்பூர்லே மகிழம் பூக்க வெச்சவ வேற எவ இருக்கா?”

“உன் கை ராசியா? தண்ணி யாருது?”

“மண்ணு யாருது?”

“விதை யாருது அம்சா?”

அம்சவேணி சாலின் வாயில் இரண்டு பூவை வைத்துவிட்டு, கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தபடியே நடந்தாள். மத்தியான வசூத் தண்ணீர் வந்து அந்தப் பூவை வேரடிக்குத் தள்ளும் என்று அவளுக்குத் தெரியும்.